ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள்

எங்கள் அலுவலகம் திருவொற்றியூர் தொழிற்பேட்டை ஒன்றில், லேத் பட்டறையின் மேல்மாடியில் இருக்கிறது. கீழே நாள் முழுக்க இரும்பைக் கடைகிறார்கள். மேலே நாங்கள், விஷவாயு கசிந்தால் கத்துகிற பெட்டி செய்கிறோம். ஒரு சென்சார், ஒரு சைரன், இரண்டுக்கும் நடுவில் சின்னத் திரையோடு உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர். அமோனியாவை வைத்துக் குளிரூட்டுகிற ஐஸ் ஃபேக்டரிகளும் மீன் கிடங்குகளும் வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்ளும். காலடிப்பேட்டையில் பிறந்து மணலிக் காற்றை மூக்கில் வாங்கியே வளர்ந்தவன் நான். இந்த வேலைக்கு வந்ததைச் சொந்தக்காரர்கள் ஊருக்குச் செய்யும் சேவை மாதிரிப் பேசுவார்கள். நான் மறுத்ததில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலை, அவ்வளவுதான்.

பெட்டிக்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிமட்டத்துக்குக் கெர்னல் என்று பெயர். உலகம் முழுக்க யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருப்பது. அதை எடுத்து, எங்கள் பெட்டிக்கு வேண்டியதைச் சேர்த்துக் கட்டுவது என் வேலை. கெர்னல் தடுப்புச் சுவரே இல்லாத ஒரு பெரிய கூடம். அதில் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஒரு ஃபங்ஷன் உண்டு, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு பெயர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்து வேலையைச் செய்யும். எல்லோருக்கும் தெரியும்படி வைக்கிற பெயர் இரண்டு பேருக்கு இருக்கக் கூடாது. இருந்தால், கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிற லிங்கர் என்ற புரோகிராம், 'இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது' என்று எழுதிக் காட்டிவிட்டு நகர மறுத்துவிடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒரு ஃபங்ஷனை எழுதும்போதே அதன் தலையில் 'வீக்' என்று ஒரு குறி போடலாம். இதே பெயரில் வேறு ஒன்று வந்தால் அதை எடுத்துக்கொள், வராவிட்டால் என்னுடையதை வைத்துக்கொள் என்று அதற்குப் பொருள். அப்போது லிங்கர் தகராறு செய்யாது. குறி போட்டதை ஓரமாக வைத்துவிட்டு மற்றதைச் சேர்த்துவிடும். ஒரு வார்த்தை சொல்லாது.

நாங்கள் நாலைந்து மாடல் பெட்டிகள் விற்கிறோம். எல்லாவற்றுக்கும் பொதுவான ஃபங்ஷனை வீக் குறியோடு எழுத வேண்டும், தேவைப்பட்ட மாடலுக்கு மட்டும் அதே பெயரில் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்பது எங்கள் அலுவலக வழக்கம். புதுப் பெயர் வைக்கும் முன், எல்லோரும் எழுதியதைச் சேர்த்துவைக்கிற பொதுக் கிடங்கில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும் என்பதும் வழக்கம். இரண்டையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியவன் நான். ஒட்டியதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்திருக்கிறேன் போல.

அவள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வந்தாள். பெட்டிகளைச் சோதிக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். ஆறே மாதத்தில் நான் எழுதியதில் இருந்த பிழைகளை எனக்கே எடுத்துக் காட்டினாள். அதற்குப் பிறகு அவளையே எழுதச் சொன்னோம். எனக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம் இருக்கும். நான் தயங்கித் தயங்கி நாலு மணி நேரம் தேடுகிற பிழையை அவள் மதியச் சாப்பாட்டுக்குள் பிடித்துவிடுவாள். பிடித்தால் நாற்காலியை ஒரு சுற்று சுற்றி, "மாட்னான்ணா" என்பாள். எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது. இப்போது அதைச் சொல்லிவிடலாம்.

மூன்று வருடமாக அவள் காண்ட்ராக்ட். வருகிற பொங்கலுக்குப் பிறகு நிரந்தரம் செய்கிறேன் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் அலுவலகத்தில் நிரந்தரமானவர்களுக்கு மட்டும்தான் போட்டோ போட்ட அடையாள அட்டை. அவளுக்கு அந்த அட்டையைப் பற்றி நிறைய சந்தேகங்கள். "போட்டோல சிரிக்கலாமாண்ணா, இல்ல உர்ருனு நிக்கணுமா? எங்க பிளாக்ல கழுத்துல கார்டு மாட்டினு வேலைக்குப் போன பொம்பள ஒருத்தி கூட கெடியாது தெரியுமா? சிரிச்சா எல்லாம் காலி, ஒரு கெத்து வராது."

அவள் எழுதியதில் ஒன்று 'அலாரம் ஃபெயில்சேஃப்' என்கிற ஃபங்ஷன். சென்சார் செத்துப்போனால், அதாவது கேட்டால் பதில் சொல்லாமல் கிடந்தால், வாயு இருக்கிறதா இல்லையா என்று பெட்டிக்குத் தெரியாது. தெரியாத நேரத்தில் பேசாமல் இருக்கக் கூடாது, சைரனைப் போட்டுவிட வேண்டும். அதைச் செய்வது இந்த ஃபங்ஷன். வழக்கப்படி பெயரைப் பொதுக் கிடங்கில் தேடினாள். இல்லை. வழக்கப்படி வீக் குறியோடு எழுதினாள். ஒரு குறையும் சொல்ல முடியாது.

அந்தப் பெயரில் இன்னொன்று இருந்தது. அவள் வேலைக்கு வருவதற்கு முன்பே நான் எழுதியது. பொதுக் கிடங்கில் இல்லை, என் மேஜைக் கம்ப்யூட்டரில் இருந்தது. என் மேஜையில் சென்சார் கிடையாது. சோதித்துப் பார்க்கும் போதெல்லாம் சைரன் அலறி, கீழே பட்டறைக்காரர்கள் மாடிப்படியில் வந்து நின்று திட்டிவிட்டுப் போவார்கள். அதனால் மேஜைக்கென்று தனியாக ஒரு கோப்பு வைத்து, அதில் அந்தப் பெயரில் இரண்டே வரி எழுதியிருந்தேன். எதுவும் செய்யாதே, எல்லாம் சரி என்று சொல்லித் திரும்பிப் போ. பெட்டிகளுக்கான ஃபங்ஷனை அப்புறம் ஒழுங்காக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டது. அப்புறம் அவள் எழுதினாள். நான் என்னுடையதை மறந்துபோனேன்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் புதிய கெர்னலுக்கு மாறினோம். அப்படி மாறும்போதெல்லாம் பெயர்ச் சண்டை வரும். நாம் வருடக்கணக்காக வைத்திருக்கும் பெயரை உலகத்தில் எங்கோ ஒருவர் தன் ஃபங்ஷனுக்கு வைத்திருப்பார். அவர் நம்மைக் கேட்டுவிட்டா வைப்பார்? நம்முடையதைத்தான் மாற்ற வேண்டும். அந்த வாரம் முழுக்க லிங்கர் நிறுத்தி நிறுத்தி மிரட்டியது, நாங்கள் பெயர்களை மாற்றிக்கொண்டே இருந்தோம். "கத்தட்டும்ணா. கத்துறவன் நல்லவன்" என்றாள் அவள். எனக்கு அதில் சலிப்புதான் வந்தது.

வியாழக்கிழமை எல்லாம் அடங்கியது. அன்றைக்கே அவள் பொதுக் கிடங்கிலிருந்து கட்டிய புதியதை மூன்று பெட்டிகளில் ஏற்றி, ஒயரைப் பிடுங்கிச் சோதித்தாள். சென்சார் ஒயரைப் பிடுங்கினால் சைரன் அலற வேண்டும். மூன்றும் அலறின. சோதனை நோட்டில் மூன்று பெட்டி எண்களையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காசிமேட்டில் ஓர் ஐஸ் ஃபேக்டரிக்குப் போக வேண்டிய பெட்டிகள் அவை.

சனிக்கிழமை காலை ஐஸ் ஃபேக்டரியிலிருந்து, பெட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு, திரையில் எழுத்து சின்னதாக இருக்கிறது, பெரிதாக்கித் தாருங்கள் என்றார்கள். அவளுக்கு அன்று விடுமுறை. பத்து நிமிட வேலை, யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. என் மேஜைக் கம்ப்யூட்டரில் திறந்து கிடந்ததிலேயே மாற்றி, அங்கேயே கட்டினேன். என் மேஜைக்கான கோப்பும் அதோடு சேர்ந்து உள்ளே போயிற்று. லிங்கர் அவளுடையதன் தலையில் வீக் குறியைப் பார்த்தது, என்னுடையதை எடுத்துக்கொண்டது, வாயைத் திறக்கவில்லை. மூன்று பெட்டிகளிலும் ஏற்றினேன். ஒயரைப் பிடுங்கிப் பார்க்கவில்லை. நோட்டில்தான் ஏற்கெனவே கையெழுத்து இருக்கிறதே. மதியம் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது.

இரண்டு மாதம் கழித்து அந்த ஐஸ் ஃபேக்டரியில் ஒரு குழாயின் வால்வு விட்டுப்போய் அமோனியா கசிந்தது. அந்தப் பகுதியில் மாட்டிய பெட்டியின் சென்சார் அதற்கு ஒரு வாரம் முன்பே உப்புக் காற்றில் அரித்துச் செத்திருந்தது. ஒரு வாரமாகப் பெட்டி அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, பதில் வராதபோதெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிட்டிருக்கிறது, என் இரண்டு வரி வந்து எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. கசிந்த அன்றும் அப்படியே. வாடையை மூக்கில் பிடித்தவர்கள் வெளியே ஓடிவிட்டார்கள். ஐஸ் பாளங்களை உடைத்துப் போடுகிற ஒருவர் மட்டும் வால்வுக்குப் பக்கத்திலேயே இருந்தார். இயந்திரச் சத்தத்தில் மற்றவர்கள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. சைரன் என்றால் கேட்டிருக்கும். அதற்காகத்தானே அதை மாட்டுகிறார்கள். அவருடைய இடது கண் போய்விட்டது.

முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். தெற்கத்திக்காரர், குடும்பமே மண்ணடியில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம். குரலை உயர்த்த மாட்டார். "யாரையும் திட்டப் போறதில்ல. ஆனா ஐஸ் கம்பெனிக்காரனுக்கு நான் ஒரு பதில் சொல்லணும்லா. சைரன் ஏன் அடிக்கல, யாரு பாத்த வேல, ரெண்டும் எனக்கு வேணும்" என்றார். திருப்பிக் கொண்டுவந்த மூன்று பெட்டிகளும் மேஜையில் இருந்தன. சோதனை நோட்டு அவர் முன்னால் திறந்து கிடந்தது. ஃபங்ஷனை எழுதியது அவள், சோதித்ததும் அவள். வேறு யாரைக் கேட்பார்கள்?

அவள் மூன்று நாள் தன் ஃபங்ஷனையே படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாளில் அச்செடுத்து, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். நாற்காலி சுற்றவில்லை. "கரெக்டாதான்ணா கீது. நூறு வாட்டி பாத்துட்டேன். இன்னாதான் தப்பு பண்ணேன்னு தெர்லியே" என்று இரண்டாம் நாள் சொன்னாள். தப்பு அவளுடையதாகத்தான் இருக்கும் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். அதை எங்கே வைத்தோம் என்பதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

நான் அந்த இரண்டாம் நாள் காலையே கண்டுபிடித்துவிட்டேன். திரும்பி வந்த பெட்டியில் இருந்ததை வெளியே எடுத்துப் பிரித்துப் பார்த்தால், அந்தப் பெயருக்குக் கீழே என் இரண்டு வரி. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பயம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பயமும் வரவில்லை. கை கால் உதறவில்லை. ஒரு மணிக்கு வழக்கம்போலப் பசித்தது. டப்பாவைத் திறந்து புளிசாதம் சாப்பிட்டேன். அவள் அச்செடுத்த தாள்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாமல் இருந்தாள். 'சாப்பிடும்மா' என்றுகூடச் சொன்னேன்.

மூன்றாம் நாள் அவள் ஒரு வரியைச் சந்தேகப்பட்டாள். சென்சாரின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் பற்றிய வரி. அதில் தவறு கிடையாது. ஆனாலும் அதைக் குறைத்து எழுதிப் பொதுக் கிடங்கில் போட்டாள். அதே காலையில் நான் என் மேஜைக் கோப்பை அழித்தேன். மேஜைக் கம்ப்யூட்டரில் எதை மாற்றினாலும் அன்றைய பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். 'தேவையில்லாத கோப்பு நீக்கம்' என்று எழுதினேன். பொய் சொல்லவில்லை பாருங்கள்.

மதியம் இருவரும் சேர்ந்து புதிதாகக் கட்டியதைப் பெட்டியில் ஏற்றினோம். அவள் ஒயரைப் பிடுங்கினாள். சைரன் அலறியது. அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சைரனை நிறுத்தவே இல்லை. கீழே பட்டறையிலிருந்து யாரோ தகரத்தைத் தட்டித் திட்டினார்கள். அப்புறம்தான் நிறுத்தினாள்.

"அந்த வெயிட்டிங் லைன்தான்ணா. அன்னிக்கு டெஸ்ட்ல எப்டியோ தப்பிச்சிருச்சு. நான்தான். நான்தான் அந்தாளு கண்ண எடுத்துட்டேன்" என்றாள்.

நான் "சரி" என்றேன்.

வேறு எதுவும் சொல்லவில்லை. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. சரி. அந்த வார்த்தையை நான் வேண்டுமென்று தேர்ந்தெடுத்தேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வாயில் இருந்தது, வந்தது.

அவளே அறிக்கை எழுதினாள். எழுதியதை என்னிடம் காட்டி, ஆங்கிலம் சரியா என்று கேட்டாள். ஓர் இடத்தில் கால்புள்ளி போட்டுக் கொடுத்தேன். முதலாளி அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். "பிள்ள நல்ல பிள்ள. உண்மையச் சொல்லிட்டுது. ஆனா அவங்களுக்கு எழுத வேண்டியிருக்கே, சம்பந்தப்பட்டவங்க இப்ப எங்ககிட்ட இல்லன்னு. இல்லன்னா மத்த ஃபேக்டரிக்காரனும் பெட்டியத் தூக்கிட்டு வந்துருவான். நீங்க என்ன சொல்லுதிய தம்பி?" என்று என்னைக் கேட்டார். உங்கள் இஷ்டம் என்றேன். பொங்கலுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. அவள் தன் டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, எல்லா மேஜைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனாள். என்னிடம், "மூணு நாளும் கூடவே இருந்தியேண்ணா, தேங்க்ஸ்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. நான் வேலைக்குப் போனேன், வந்தேன். தூக்கம் கெட்டது, எடை குறைந்தது என்றெல்லாம் சொல்ல ஆசையாக இருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. உடம்பில் ஊசி போட்டு மரத்துப்போன இடத்தைத் தொட்டால் தொடுவது தெரியும், வலி தெரியாது. அந்த மாதிரி இருந்தேன். என் வேலை மட்டும் கெட்டது. எதை எழுதினாலும் பெயர் வைக்கிற இடத்தில் வந்து நின்றுவிடுவேன். பொதுக் கிடங்கில் தேடுவேன், என் கம்ப்யூட்டரில் தேடுவேன், அழித்த கோப்புகளில்கூடத் தேடுவேன். முதலாளி அதை அனுபவம் தந்த நிதானம் என்று மற்றவர்களிடம் பாராட்டினார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவள் போன் செய்தாள். ஒரு விஷயம் கேட்க வேண்டும், நேரில்தான் கேட்க முடியும் என்றாள். மறுநாள் காலை காலடிப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில், வாசலில் உட்கார்ந்து உள்ளே வரும் கண்டெய்னர்களின் எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை என்றாள். "நீட்டா நம்பர் அடிச்சா போதும்ணா. தப்பா அடிச்சாலும் யாருக்கும் கண்ணு போவாது" என்று சிரித்தாள். பின்னால் டிரெய்லர் லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே ஊர்ந்தது.

விஷயம் இதுதான். கிண்டியில் ஒரு கம்பெனியில் கெர்னல் வேலைக்கு அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மருத்துவமனைக் கருவிகள் செய்கிற இடம். அவளுடன் படித்த ஒருத்தி அவளுக்காக அங்கே சொல்லிவைத்திருக்கிறாள். திங்கட்கிழமை போக வேண்டும்.

"போவ வேணாம்னுதான் நெனச்சினு கீறேன். அந்த லைன நான் எத்தினி வாட்டி பாத்தேன்? நூறு வாட்டி. அப்பயும் எனக்குத் தெர்ல. தப்பு பண்ணது கூட பரவால்லண்ணா, பாத்தும் தெரியலன்னா அந்த மண்டைய வெச்சினு ஆஸ்பத்திரி மிஷின்ல கைய வெக்கலாமா? நீதான் பக்கத்துல இருந்து பாத்தவன். மூஞ்சிக்காக சொல்லாத. நான் இந்த வேலைக்கு லாயக்கா, இல்லியா?"

டீ வந்தது. அவள் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்விக்கு 'நீ லாயக்குதான், போய் வா' என்று மட்டும் சொல்லிவிட முடியுமா என்று ஒரு நிமிடம் பார்த்தேன். முடியாது. ஏன் என்று கேட்பாள். கேட்டால் பிடித்துவிடுவாள். அவள் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. ஆக, நான் நல்லவனாகிச் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல்தான் சொன்னேன். மேஜைக் கோப்பு, இரண்டு வரி, சனிக்கிழமை, அழித்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் குரல் யாரோ பழைய செய்தித்தாளைப் படிப்பது போல இருந்தது.

 நான் முடித்ததும், "எம்மாம் லைனு?" என்றாள்.

"ரெண்டு."

"என்னுதுல வீக் இருந்துச்சு. அதான் சத்தமே வர்ல." தலையை ஆட்டிக்கொண்டாள். ஒரு கணம் அவள் முகத்தில் பழைய அலுவலகத்து முகம் வந்து போனது, பிழையைப் பிடித்தபோது வருகிற முகம். "என் லைன் கரெக்டு."

"கரெக்ட்தான்."

"மொதல் நாளே கரெக்டு."

"ஆமா."

டீயை ஒரே மூச்சில் குடித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். செருப்பைக் கழற்றினாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு வூட்டுக்கு நான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போயினு கீறேன், தெரியுமா உனக்கு? வேலய வுட்டு வந்த அடுத்த வாரமே தேடிப் போனேன். நான்தான் அந்த மிஷின எழுதுனவ, என் தப்பாலதான் உன் கண்ணு போச்சி, மன்னிச்சுக்கோன்னு கால்ல வுழுந்தேன். ஒரு மாசம் மூஞ்சி கொடுத்துப் பேசல அவரு. அப்பால ஒரு நாளு, போவட்டும் வுடு, வந்து குந்துன்னாரு. மன்னிச்சுட்டேன்னு வாயத் தொறந்து சொன்னாருண்ணா." கிளாஸைக் கீழே வைத்தாள். "அத இப்ப நான் இன்னா பண்றது? அது என்னுது இல்லியே."

அவள் எழுந்து பையை மாட்டினாள். "திங்கக்கெழம போறேன். நாளைக்கு உக்காந்து படிக்கணும். காசிமேட்டுக்கு நீ போ. நான் இன்னாத்துக்கு இனிமே? நீயே போயி சொல்லு" என்று வீட்டு விலாசத்தைச் சொன்னாள். என்னை அண்ணா என்று கூப்பிடுவதை இடையில் எங்கேயோ நிறுத்தியிருந்தாள். அப்போதுதான் முதல்முறையாக எனக்குள் ஏதோ சுருக்கென்றது. வெகுநேரம் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்தெருவில் முதல் மாடியில் ஒற்றை அறை வீடு. கதவு திறந்தே இருந்தது. அறுபதை நெருங்கிய மனிதர், கட்டுமஸ்தான கைகள், இடது கண் பால் பட்டது போல வெளுத்திருந்தது. தரையில் ஸ்டூலைப் போட்டு அதன் மேல் கேரம் போர்டை வைத்துப் பவுடர் தேய்த்துக்கொண்டிருந்தார். காய்கள் நடுவில் அடுக்கப்பட்டிருந்தன. எதிரே ஒரு பாய் விரித்திருந்தது. நான் நிழல் விழும்படி நின்றதும் தலையைத் திருப்பாமலேயே, "வா வா, இன்னாமே இன்னிக்கு இம்மாம் லேட்டு?" என்றார். அப்புறம் திரும்பி, நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார்.

அவள் அனுப்பியதாகச் சொன்னேன். பாயில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்து, முந்தின நாள் சொன்னதையே திரும்பச் சொன்னேன். ஃபங்ஷன், லிங்கர் எல்லாம் அவருக்கு எதற்கு? அந்தப் பெண் செய்தது சரியாக இருந்தது, நான் செய்ததுதான் சைரனை அடிக்க விடாமல் பண்ணியது, தெரிந்தும் ஒன்றரை வருடம் சொல்லாமல் இருந்தேன் என்றேன். மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். கேட்பதற்கு எழுதிவைத்துப் படித்தது போலத்தான் இருந்திருக்கும்.

அவர் கோபப்படவில்லை. ஸ்ட்ரைக்கரை எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல."

"இல்லைங்க."

"அது தெரிஞ்சிடுச்சா அதுக்கு?"

"நேத்துதான் சொன்னேன்."

"அதான் வர்லியா இன்னிக்கு." போர்டைப் பார்த்தார். "இனிமே வராதா?"

தெரியவில்லை என்றேன். அது பொய். எனக்குத் தெரிந்துதான் இருந்தது, அவருக்கும் தெரிந்துவிட்டது. வெளியே மீன் கூடைகளை ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை வண்டி போனது. அவர் அடுக்கிய காய்களை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போடத் தொடங்கினார். தூரம் சரியாகத் தெரியாததால், இரண்டு காய்களுக்குக் கை பக்கத்தில் போய்த் தடவி எடுத்தது.

"கண்ணு போச்சி. சரி, போச்சி. அத்தோட நானு வாழப் பழகிட்டேன்" என்றார். "ஒன்ற வருசம் வாய மூடினு இருந்த இல்ல? அப்டியே இருந்துருக்கக் கூடாதா நீ?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன் என்றேன்.

டப்பாவை மூடிவிட்டு, "நீ இன்னாத்துக்கு?" என்றார்.